பழைய வேட்டைத் துப்பாக்கியைப் படிப்பது எப்படி? – ஐதராபாத் வரலாற்றில் ஒரு சிறு பக்கம்

சங்க மலரில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். கோயில், கல்வெட்டு, இசை, இலக்கியம் என்று எழுதிவரும் இடத்தில் இது பொருந்துமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நிஜாம் காலத்திலேயே ரயில்வே வேலைக்கும் வியாபாரத்துக்கும் இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றில் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று இன்னும் குடும்பச் சொத்தாக இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். துப்பாக்கி மட்டும் இங்கே. அதை என்ன செய்வது, விற்கலாமா, விற்றால் என்ன மதிப்பு, வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற கேள்விகள் அவ்வப்போது எழுகின்றன.

அப்படி எழுந்த ஒரு கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. என் நண்பர் ஒருவர் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். உரிமம் வைத்திருப்பவர். மாரேட்பள்ளியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழைய ரைபிள் விற்பனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, "நீங்க சரித்திரம் படிச்சவர், கூட வாங்க" என்று என்னை அழைத்தார். துப்பாக்கியைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சாலார்ஜங் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் பார்த்தது மட்டுமே. ஆனால் போய்ப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. பழைய துப்பாக்கியை மதிப்பிடுவதும் பழைய செப்பேட்டை மதிப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். பெயரை நம்பக் கூடாது. எழுத்தையும் எண்ணையும் உலோகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

துப்பாக்கிகளின் ஊர்

ஐதராபாத்துக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு பழையது. அபிட்ஸ் அருகே 'கன் பவுண்டரி' என்று பஸ் நடத்துனர் கூவும் நிறுத்தத்தை நாம் எல்லோரும் கடந்து போயிருக்கிறோம். 'தோப் கா சாஞ்சா' என்பது அதன் உருதுப் பெயர். பீரங்கி வார்க்கும் அச்சு என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் நிஜாமின் படையில் தளபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமண்ட் அமைத்த வார்ப்படச் சாலை அது. ரேமண்ட் 1798-இல் இறந்தார். அவருடைய கல்லறை மலக்பேட்டைப் பக்கம் ஒரு குன்றின்மேல் இருக்கிறது.

வேட்டைக்குப் பெயர் போனவர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் (1866–1911). புலி வேட்டை அவருடைய காலத்தில் பொழுதுபோக்கு மட்டுமல்ல, அரசியல் மரியாதையும்கூட. விருந்தாளியாக வருகிற வெள்ளைக்கார அதிகாரிக்குப் புலி காட்டுவது சமஸ்தானத்தின் கடமைகளில் ஒன்று. 1902 ஏப்ரலில் வைசிராய் கர்சன் பிரபு வாரங்கல் பகுதியின் நெக்கொண்டாவில் வேட்டையாடினார். சுட்ட புலியோடு அவரும் மனைவியும் நிற்கும் படத்தை அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாளின் நிலையம் எடுத்திருக்கிறது. இன்றும் பல நூல்களில் அந்தப் படத்தைக் காணலாம்.

நவாபுகள் ஆடிய வேட்டையை அடுத்த நிலையில் இருந்தவர்களும் ஆடினார்கள். ஜாகீர்தார்கள், சுங்க அதிகாரிகள், காட்டு இலாகாவினர், ரயில்வே இன்ஜினீயர்கள் எல்லோரும் 'ஷிகார்' போனார்கள். லாலாகுடா ரயில்வே பட்டறையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்களில் சிலருக்கும் இந்த ஆசை தொற்றியதில் வியப்பில்லை. அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்.

கதவுத் தாழ்ப்பாளும் மாசரும்

போல்ட் ஆக்‌ஷன் என்பதைப் புரிந்துகொள்ள வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தால் போதும். தாழ்ப்பாளின் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் கதவு திறக்கிறது. முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. துப்பாக்கியில் அந்தத் தாழ்ப்பாள்தான் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிறது, சுடும்போது பின்பக்கத்தை அடைத்து நிற்கிறது, சுட்ட பிறகு வெறும் கூட்டை வெளியே இழுத்துப் போடுகிறது.

இந்த அமைப்பை முழுமைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பால் மாசர். அவருடைய 1898-ஆம் ஆண்டு வடிவத்தில் போல்ட்டின் முன்முனையில் இரண்டு தடித்த காதுகள் உண்டு. அவை குழல் பொருந்தியிருக்கும் ரிசீவரின் முன்பகுதியில் உள்ள பள்ளங்களில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அவை உடைந்தாலும் தடுத்து நிறுத்த, பின்னால் மூன்றாவதாக ஒரு காது. தோட்டாக் கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்க நீண்ட எஃகு நகம். ராணுவத்துக்காகச் செய்த இந்த அமைப்பை லண்டனின் ரிக்பி போன்ற நிறுவனங்கள் ஜெர்மனியிலிருந்து வரவழைத்து, நல்ல வால்நட் கட்டை பூட்டி, வேட்டைத் துப்பாக்கியாக விற்றன.

ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி அந்த வகையைச் சேர்ந்தது. 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அதில் பதித்த தகட்டில் அந்தச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தார் வசம் பல ஆண்டுகள் இருந்த அந்தத் துப்பாக்கி, 2015-இல் ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிப் போனது. அந்தத் தகடும் கைமாறிய கணக்கும் இல்லாவிட்டால், அதுவும் நூற்றோடு நூற்றொன்றாக ஒரு பழைய ரைபிள்தான்.

நம் ஊரோடு தொடர்புடைய இன்னொரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் செகந்திராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தவர். பெங்களூரில் வாழ்ந்து, சேலம் மாவட்டக் காடுகளில் ஜவளகிரி, பென்னாகரம் என்று சுற்றி, 1974-இல் மறைந்தவர். ஆனால் அவர் கையில் இருந்தது போல்ட் ஆக்‌ஷன் அல்ல. விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றும் .405 வின்செஸ்டர். யாராவது ஒரு மாசர் ரைபிளைக் காட்டி "இது ஆண்டர்சன் வச்சிருந்த ரகம்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சட்டம் எழுதிய எண்கள்

பழைய துப்பாக்கியின் குழலில் பொறித்த எண்ணைப் படிக்க ஆயுதச் சட்டத்தின் வரலாறு தெரிய வேண்டும். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயருக்கு ஒரே கவலை. மக்கள் கையில் ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கி இருக்கக் கூடாது. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமத்துக்குள் அடைத்தது. 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற பயம். உடனே லண்டன் கடைக்காரர்கள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்க யானை வேட்டையில் பேர்பெற்ற அளவுகள் சில பிறந்ததற்குக் காரணம் இந்தியாவில் போட்ட ஓர் உத்தரவு!

.303-இன் கதையும் அதுவே. பிரிட்டிஷ் ராணுவத்தின் அளவு என்பதால் பொதுமக்களுக்கு அது மறுக்கப்பட்டது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதே லீ வகை ரைபிளை ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து இந்தியச் சந்தைக்கு அனுப்பியது. அதுதான் நம் நாட்டில் '.315' என்று வழங்குகிறது. விடுதலைக்குப் பிறகு இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை அதே அளவில் செய்து விற்றது. ஆஸ்திரியப் பேரரசு மறைந்து நூறாண்டு கடந்தும் அதன் தோட்டா உத்தரப் பிரதேசக் கிராமத்தில் உயிரோடு இருப்பது இப்படித்தான்.

1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. .303, 7.62 மி.மீ. ரைபிள்களும், அந்த ராணுவத் தோட்டாக்களை ஏற்கும் வேறு எந்த ரைபிளும் தடை செய்யப்பட்ட போர் வகையில் தொடர்ந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனித உயிருக்கு ஆபத்து, பயிர் நாசம் போன்ற காரணங்களுக்காக அதிகாரிகள் எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய இன்று நாட்டில் வேட்டை என்பதே இல்லை. 1980-களின் நடுவில், போட்டி வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மூன்று சட்டங்களும் சேர்ந்துதான் பழைய துப்பாக்கியின் விலையை நிர்ணயிக்கின்றன. வேட்டை இல்லாததால் தேவை குறைவு. இறக்குமதி இல்லாததால் சரக்கும் குறைவு. நாட்டுக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளே கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே 'ஒரிஜினல் லண்டன்' என்ற சொல்லுக்கே தனி விலை. ஏமாற்றமும் அந்தச் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது.

மாரேட்பள்ளித் துப்பாக்கி

அந்தக் குடும்பத்தின் மாமனார் நிஜாம் ஸ்டேட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் மகன் பேரில் உரிமம் இருந்தது. மகனும் காலமான பிறகு, சட்டப்படி அதை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவரிடம் வைப்பாக ஒப்படைத்திருந்தார்கள். வீட்டில் இருப்பது எண்பதைக் கடந்த அம்மா ஒருவர்தான். வைப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளைகளுக்கு வேண்டாம், விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். "கார்பெட் துரை வச்சிருந்த அதே ரகம்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்" என்றார். சொன்ன விலை ஒரு சின்னக் கார் விலை. நண்பர் அதற்கும் தயாராக இருந்தார். "முதல் குண்டை என் பையன்தான் சுடணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது.

நல்ல வேளையாக எங்களோடு இன்னொருவரையும் அழைத்துப் போயிருந்தோம். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆயுதப் பராமரிப்பாளராக இருந்து, திருமல்கிரியில் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். அவர் அந்த ரைபிளை எப்படிப் பார்த்தார் என்பதை வரிசையாகச் சொன்னால் வாசகர்களுக்குப் பயன்படும்.

வியாபாரி துப்பாக்கியை மேஜைமேல் வைத்ததும் நண்பர் குழலில் இருந்த கடைப் பெயரைப் படிக்கக் குனிந்தார். பெரியவர் தடுத்தார். "பேரை அப்புறம் படிங்க சார். முதல்ல காலியா இருக்கான்னு பாருங்க." போல்ட்டைத் திறந்து, அறையில் விரல் விட்டு, மேகசினையும் பார்த்தபிறகே மற்ற வேலை. யார் 'காலி' என்று சொன்னாலும் கையில் வாங்குகிறவர் தானே பார்க்க வேண்டும் என்பது ராணுவத்தில் மாறாத விதி.

அடுத்து முத்திரைகள். கடைப் பெயர் வேறு, செய்தவர் பெயர் வேறு. சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் மாண்டன், ராடா போன்ற கடைகள் வெளிநாட்டில் செய்த துப்பாக்கிகளில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றதுண்டு. ஆகவே அழகாக வெட்டிய கடைப் பெயரைவிட, குழலின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சோதனை முத்திரைகளே முக்கியம். லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகளில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை இடுவார்கள். கிரீடத்தின் கீழ் 'என்.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அந்த முத்திரை இந்தத் துப்பாக்கியில் தெளிவாக இருந்தது. நண்பர் முகம் மலர்ந்தது.

பிறகு அளவு. குழலில் .275 என்று இருந்தது. இது ஜெர்மானியரின் 7×57 தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயர் இருப்பதில் ஆபத்தில்லை. இரண்டு தோட்டாவுக்கு ஒரே பெயர் இருப்பதில்தான் ஆபத்து. '8 மி.மீ. மாசர்' என்று சொல்லப்படுவதில் 1888-ஆம் ஆண்டின் பழைய குழலுக்கான குண்டு சற்று மெல்லியது. 1905-க்குப் பின் வந்தது பருமனானது, அழுத்தமும் அதிகம். பின்னதைப் பழைய குழலில் போட்டுச் சுட்டால் குழல் தாங்கும் என்று சொல்ல முடியாது. நம் .315-ஐயும் '8 மி.மீ.' என்றே சொல்வார்கள். அது வேறு தோட்டா. "அளவு பொறிச்சிருக்கறத நம்பிக் குண்டு வாங்கக் கூடாது. அறையை அளந்து பாத்துட்டுதான் வாங்கணும்" என்றார் பெரியவர். இன்னொன்றும் கேட்டார்: "இந்தக் குண்டு ஊர்ல கெடைக்குதா?" வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். குண்டு கிடைக்காத ரைபிளுக்கு எவ்வளவு விலை கொடுப்பது?

அடுத்தது குழலின் உள்பக்கம். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். முறுக்கிச் செல்லும் மரைகள் கூர்மையாக, கண்ணாடி போல் இருந்தால் நல்லது. இதில் சாம்பல் பூத்தது போல் சிறு புள்ளிகள். பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது உப்பாகக் குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது, கொதிநீர் விட்டுக் கழுவ வேண்டும். தெரிந்தவர்கள் கழுவினார்கள். தெரியாதவர்கள் துப்பாக்கியில் அந்தப் புள்ளிகள் சாட்சியாக நிற்கின்றன. குழலின் வாய் விளிம்பும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. "வாய்ப் பக்கமா இரும்புக் கம்பி விட்டு வருஷக்கணக்கா தொடச்சிருக்காங்க. பாசமாத்தான் தொடச்சிருக்காங்க. ஆனா குண்டு வெளிய போற கடைசி எடம் அது. அங்க தேஞ்சா குறி தப்பும்."

கட்டையில் மணிக்கட்டு போல் மெலிந்த இடத்தில் விரிசல் உண்டா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, நீலப் பூச்சு புதிதாக இருந்து எழுத்துகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தார். திருகுத் தலை சிதைந்திருந்தால் தெரியாதவர் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார் என்று பொருள். புதுப் பூச்சு என்றால் துருவை மறைத்திருக்கலாம். இந்தத் துப்பாக்கியில் அப்படி எதுவும் இல்லை. பாதுகாப்புத் தாழைப் போட்டு விசையை அழுத்தினார், பிறகு தாழை எடுத்தார். எடுக்கும்போது ஊசி தானாக விழவில்லை. அதுவும் சரி.

இரண்டு எண்கள்

கடைசியாக எண்கள். தயாரிப்பு எண்ணை அழிப்பதும் எண்ணில்லாத துப்பாக்கியை விற்பதும் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் உரிமத்தில் உள்ள எண்ணைத் துப்பாக்கியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது முதல் கடமை. எண் பொருந்தியது. தாளில் குறையே இல்லை. நண்பர் கையை நீட்டிவிட்டார்.

பெரியவர் மட்டும் கழற்றி வைத்திருந்த போல்ட்டைத் திருப்பி, பிடியின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அங்கே வேறொரு எண். "தாள் சரி. இரும்பு சரியில்ல சார்" என்றார்.

மாசர் ரைபிளில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் துப்பாக்கிக்கு ஏற்றபடி இழைத்துப் பொருத்தியது. வேறு போல்ட் உள்ளே போகும், பூட்டும், பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, 'ஹெட்ஸ்பேஸ்' என்பார்கள், மாறிவிடும். இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு கிழியும். சூடான வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கிப் பின்னால் வரும். லாலாகுடா பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த 'கோ', 'நோ-கோ' கேஜ் இதற்கும் உண்டு. தோட்டா வடிவத்தில் எஃகில் செய்தது. முதலாவதை வைத்தால் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. தெரிந்த கன்ஸ்மித் ஒருவரிடம் கேஜ் வாங்கிவர இரண்டு நாள் ஆனது. 'நோ-கோ' கேஜின்மேல் அந்த போல்ட் வெண்ணெய் போல மூடியது.

யாரும் பேசவில்லை. நண்பர் தன் மகனுக்கு போன் செய்து ஏதோ சாதாரண விஷயம் விசாரித்துவிட்டு வைத்தார்.

1948 செப்டம்பர்

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மாரேட்பள்ளி வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாம் மாமியாரிடம் கேட்டதைச் சொன்னார்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17-ஆம் தேதி நிஜாம் சண்டை நிறுத்தத்தை அறிவித்தார். ஐதராபாத்தில் இன்றும் 'போலீஸ் ஆக்‌ஷன்' என்றே சொல்கிறார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு பக்கம் ரஜாக்கர்கள், இன்னொரு பக்கம் கிராமங்களில் தெலங்கானாப் போராட்டம். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி இரவோடு இரவாக நிஜாமுக்கு ஆயுதம் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. வீட்டில் துப்பாக்கி இருப்பது பாதுகாப்பா ஆபத்தா என்று தெரியாத நாட்கள். மாமனாரும், அவரோடு ஷிகாருக்குப் போகிற பக்கத்து வீட்டு நண்பரும் ஒரே ரக ரைபிள் வைத்திருந்தார்கள். யாராவது பறித்துப் போனாலும் பயன்படக் கூடாது என்று இரண்டு போல்ட்டையும் கழற்றி, துணியில் சுற்றி, ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஊர் அடங்கிய பிறகு திறந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் குடும்பம் சில ஆண்டுகளில் ஊரைவிட்டே போய்விட்டது.

"அதுக்கப்புறம் எங்க மாமனார் வேட்டைக்கே போகல. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவைகூடச் சுட்டதில்ல. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைச்சு, பொட்டு வச்சு, திரும்ப உள்ள வச்சிடுவார்" என்றார் அந்த அம்மா. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தவறு யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். சுட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் சொன்னபடியே நடந்ததா என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் கிடையாது. வாய்மொழி வரலாறு அப்படித்தான். ஆனால் போல்ட்டில் உள்ள எண் பொய் சொல்லாது. எந்த நூலிலும் இல்லாத ஒரு குடும்பத்தின் பயம் அந்த இரும்பில் பதிந்திருக்கிறது.

வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும்

முடிவாகச் சில சொற்கள். பழைய ரைபிள் வாங்க நினைப்பவர் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது தாள். விற்பவர் பேரில் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா, வாங்குபவர் உரிமத்தில் அந்த வகைக்கு இடம் இருக்கிறதா என்பது. தனி ஒருவர் தம் துப்பாக்கியை விற்க மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். உரிமதாரர் காலமாகிவிட்டால் வாரிசுகள் முதலில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் மற்ற ஏற்பாடு. வீட்டு பீரோவிலேயே வைத்திருப்பது, எவ்வளவு பழைய நினைவுச் சின்னமாக இருந்தாலும், குற்றம். இரண்டாவது இரும்பு. அதைத் தெரிந்த ஒருவர் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது. மூன்றாவது கதை. கதையைக் கேளுங்கள், ரசியுங்கள், எழுதி வையுங்கள். ஆனால் கதைக்காகப் பணம் கொடுக்காதீர்கள். கதையைத் துப்பாக்கியோடு கட்டிப்போடத் தகடோ ரசீதோ கடிதமோ இருந்தால் மட்டுமே அதற்கு விலை உண்டு.

நண்பர் அந்த ரைபிளை வாங்கவில்லை. மகனுக்கு இலக்குப் பயிற்சிக்கு ஏற்ற .22 ரைபிள் போதும் என்று முடிவு செய்தார். அந்த அம்மா பிள்ளைகளோடு பேசி, துப்பாக்கியை அரசிடமே ஒப்படைத்துவிடத் தீர்மானித்தார். மாமனார் ரைபிளோடு நிற்கும் பழைய படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

வனஸ்தலிபுரத்தில் உள்ள மகாவீர் ஹரிண வனஸ்தலிக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் நம்மில் பலர். ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக் காடு அது. 1975-இல் அதை மான்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை அங்கே வெளிமான் கூட்டம் துள்ளி ஓடுவதைப் பார்க்கும்போது, அதே புல்வெளியில் குறி பார்த்த துப்பாக்கிகள் இப்போது எங்கெங்கே, யார் யார் பொறுப்பில், என்ன நிலையில் இருக்கின்றன என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே அதன் கதையைக் கேட்டு வையுங்கள்.

நாங்கள் விடைபெற எழுந்தபோது அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அப்படின்னா எங்க மாமனார் துப்பாக்கியோட பாதி, இன்னும் யார் வீட்டுலயோ இருக்கு. அவங்களும் தெரியாமத்தான் வச்சிருப்பாங்க. அவங்களுக்கு யார் சொல்றது?"